செகண்ட் ஹேண்ட் ரேடியோ... ஃபர்ஸ்ட் கிளாஸ் பல்பு!

எங்க அப்பாவுக்கு தினமும் காலையில நாவலூர் டு தாம்பரம் டிரைவிங். நாவலூர் டோல்கேட்ல 2023 அக்டோபர்ல வசூலை நிறுத்திட்டாங்க. டிராஃபிக்கை யாரும் நிறுத்தல. சோழிங்கநல்லூர், மேடவாக்கம்னு மெல்ல ஊர்ந்து போற அந்த நேரத்துல மனுஷனுக்குத் துணை 101.4 ரெயின்போ மட்டும்தான். காரோடயே வந்த ரேடியோ ஒருநாள் மூச்சை நிறுத்த, ‘இன்ஜினீயரிங் படிக்கிற புள்ள வீட்ல இருக்கே’னு எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. அங்க ஆரம்பிச்சது சனி!

புது செட்டு விலையைக் கேட்டதும் அப்பா, “பாட்டை நானே பாடிக்கிறேன்”னுட்டார். அந்த ஆபத்தைத் தவிர்க்க, ஃப்ரெண்டோட புதுப்பேட்டை கிளம்பினேன். கார் பார்ட்ஸ்னா சென்னைக்கு அதானே தலைநகர்!

முதல்ல காட்டினது ஒரு சூப்பர் ஃபாரின் செட்டு. ஆன் பண்ணினா ‘கோட்’னு கேட்டுச்சு. கரன்ட்டைத் துண்டிச்சு செட்டைக் கழட்டிட்டா, ரகசிய நம்பர் போடாம பாடாத டைப். திருட்டுக்குப் பயந்து கம்பெனியே வச்ச பூட்டு. “ஏதாவது நம்பர் போட்டுப் பாரு தம்பி”ன்னாரு கடைக்காரர். தப்பா போட்டுட்டே இருந்தா செட்டு மொத்தமா லாக் ஆயிடும். அதைவிட, அந்த நம்பர் தெரிஞ்ச ஓனர் இப்போ எங்கே? திருட்டுப் பொருள்னு தெரிஞ்சே வாங்கினா பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் உள்ளே. செமஸ்டர் அரியரே போதும் சாமி!

அடுத்த கடையில 1,200 ரூபாய்க்கு ஒரு ஜப்பான் செட்டு. கடை பேட்டரியில கனெக்ஷன் கொடுத்து, பென் டிரைவ் சொருகினா ஜம்முனு பாடுச்சு. பில்லோட வாங்கிட்டு வந்து மாட்டியாச்சு. எஃப்.எம். திருப்பினா... 76, 80, 85, 90... மறுபடி 76! ஜப்பான்ல எஃப்.எம். 76-லயே ஆரம்பிச்சிடும். அந்த ஊர் பழைய செட்டெல்லாம் 90-லயே முடிஞ்சிடும். நம்ம சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, அப்பாவோட ரெயின்போ 101.4... எல்லாமே அதுக்கு மேல! இந்தியாவுல முதன்முதலா எஃப்.எம். ஒலிபரப்பு 1977-ல ஆரம்பிச்சதே நம்ம மெட்ராஸ்லதான். அந்த ஊர்லயே எஃப்.எம். வராத ரேடியோவை மாட்டின பெருமை எனக்கு.

இலங்கையில ஜப்பான் பழைய கார்கள் நிறைய ஓடுது. அங்க ‘பேண்ட் எக்ஸ்பாண்டர்’னு குட்டிப் பெட்டி ஒண்ணை ஆன்டெனா வயர்ல சொருகிடறாங்க. அது ஸ்டேஷனையெல்லாம் கீழே இறக்கி, 90-க்குள்ள கொண்டு வந்துடும். ஆனா 98.3-ஐ எங்கேயோ 80-கள்ல தேடணும். அப்பாகிட்ட அந்தக் கணக்கை யாரு விளக்குறது?

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. செட்டுல மஞ்சள் வயர் நேரா பேட்டரிக்கு. ஸ்டேஷன், கடிகார மெமரியைக் காப்பாத்த அது எப்பவும் உயிரோட இருக்கணும். சிவப்பு, சாவி போட்டா மட்டும் உயிர் வர்ற லைனுக்கு. சோம்பேறித்தனமா நான் ரெண்டையும் முறுக்கி ஒரே லைன்ல கொடுத்துட்டேன். சாவியை எடுத்தாலும் செட்டு தூங்கல. மறுநாள் காலையில பேட்டரி காலி. அப்பா ஒரு வார்த்தை திட்டல. ஷேர் ஆட்டோ பிடிக்கக் கிளம்பிட்டார். திட்டியிருந்தா பரவாயில்ல பாஸ்.

அப்புறம்தான் புத்தி வந்து மல்டிமீட்டரை எடுத்தேன். கார் பக்கத்து வயர் கலரை நம்பவே கூடாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாவி போடாதப்பவும் 12 வோல்ட் காட்டினா அது மஞ்சளுக்கு. சாவி போட்டா மட்டும் காட்டினா சிவப்புக்கு. காரோட ஒரிஜினல் பிளக்கை வெட்டாம, அதுக்குப் பொருந்துற அடாப்டரை வாங்கிச் சொருகறது நல்லது. பழைய செட்டைத் திரும்ப மாட்டணும்னா அந்த பிளக் வேணுமே.

ஒரு வாரம் அப்பா பாட்டில்லாமதான் ஓட்டினார். சனிக்கிழமை மறுபடி புதுப்பேட்டை. மேல 500 ரூபாய் கொடுத்து, நம்ம ஊர் செட்டு ஒண்ணை மாத்தினேன். இந்தத் தடவை ஆன்டெனா ஓட்டையில ஒரு முழம் வயரைச் சொருகி, 101.4 கரகரன்னாவது பாடின பிறகுதான் காசையே எடுத்தேன்.

திங்கட்கிழமை காலையில கார் கிளம்புச்சு. நான் பக்கத்து சீட்ல. சோழிங்கநல்லூர் சிக்னல் வரைக்கும் அப்பா எதுவும் பேசல. அப்புறம் கையை நீட்டி, சவுண்டை ரெண்டு பாயின்ட் ஏத்தி வச்சார்.