கேமராவுக்கு லெதர் பேக் வாங்கப் போறீங்களா? ஷூ பெட்டிக்குள் இருக்கும் பாக்கெட்டைக் கொஞ்சம் கவனிங்க!

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது ஞாபகம் இருக்கா? வருஷக்கணக்கில் மணலை மட்டுமே பார்த்துப் பழகிய வாலாஜாபேட்டை ஆட்கள், கரை தொட்டு ஓடும் தண்ணீரைப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். என் சித்தப்பா பையனும் கேமராவோடு போனான். முதல் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கேமரா, செகண்ட் ஹேண்டில் வாங்கிய 50 எம்எம் லென்ஸ். தூறலில் நின்று நாள் முழுக்க எடுத்தான். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, தோல் பையில் போட்டு, பீரோவுக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டினான்.

பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோதுதான் பை வெளியே வந்தது. "இன்னாண்ணா, உள்ளே சிலந்தி வலை மாட்டம் கீது?" என்று லென்ஸை நீட்டினான். சிலந்தி இல்லை, பூஞ்சை. சர்வீஸுக்குக் கேட்ட தொகை, லென்ஸ் வாங்கிய விலையில் பாதிக்கு மேல். சரியாகும் என்ற உத்தரவாதமும் இல்லை.

புதுசா கேமரா வாங்குபவர்கள் பாடிக்கு பட்ஜெட் போடுகிறார்கள், லென்ஸுக்குப் போடுகிறார்கள், டிரைபாடுக்கு, மெமரி கார்டுக்கு, அழகான ஒரு பைக்குக்கூடப் போடுகிறார்கள். அதெல்லாம் ராத்திரி எங்கே தூங்கப்போகிறது என்பதற்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்குவதில்லை. என் கருத்து, அதுதான் லிஸ்ட்டில் முதலில் இருக்க வேண்டும். யூடியூபில் 'என் கேமரா பேக்கில் என்ன இருக்கு' வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. அந்தப் பை எந்த அலமாரியில் இருக்கு என்று யாராவது காட்டிப் பார்த்திருக்கீங்களா?

"எங்க ஊர் வெயிலுக்குப் பூஞ்சையா? அதெல்லாம் சென்னைக்காரங்க பிரச்னை" என்று ராணிப்பேட்டை, வேலூர் பக்கம் பலரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மே மாதத்துக்கு அது சரி. ஆனால் பூஞ்சைக்கு வருஷம் முழுக்க ஈரம் தேவையில்லை, சில வாரங்கள் போதும். காற்றின் ஈரப்பதம் 60 சதவிகிதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் அதற்குச் சாதகம். இருட்டு, காற்றோட்டமில்லாத இடம், கொஞ்சம் தூசு, விரல் ரேகையின் எண்ணெய்ப் பசை... அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மூடிக்கிடக்கும் பீரோவில் இது எல்லாமே இருக்கிறது. பூஞ்சையின் வித்துகள் காற்றில் எப்போதும் இருப்பவைதான், எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும் நோய் மாதிரி இல்லை.

வளர்ந்தால் என்ன? ஆரம்பத்தில் போட்டோவில் எதுவுமே தெரியாது. அதுதான் ஆபத்து. அப்புறம் கான்ட்ராஸ்ட் குறையும், விளக்குக்கு எதிரே எடுத்தால் படம் பால் ஊற்றியது போல வெளுக்கும். அது சுரக்கும் அமிலம் லென்ஸ் மேலுள்ள கோட்டிங்கை அரிக்கும். அரித்த பிறகு பூஞ்சையைத் துடைத்து எடுத்தாலும் தடம் போகாது. உற்பத்திக் குறைபாடு இல்லை என்பதால் வாரன்டியிலும் பொதுவாக இது வராது.

இதில் தோல் பை எங்கே வருகிறது? தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதில் ஏற்றும் எண்ணெயும் கொழுப்பும் பூஞ்சைக்குச் சாப்பாடு. ஃபிலிம் காலத்து கேமராக்களைத் தோல் உறையோடே பெட்டியில் வைத்துவிட்ட வீடுகளில், இன்று திறந்து பார்த்தால் லென்ஸ் முழுக்க வெள்ளை நூலாக இருக்கும்.

இதை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் தொழிலே பூஞ்சையோடு போராடி வந்த தொழில். ஒரு காலத்தில் தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்க பென்டாகுளோரோபீனால் என்ற ரசாயனம் பயன்பட்டது. 1989 இறுதியில் ஜெர்மனி அதைத் தடை செய்ததும், ஏற்றுமதியை நம்பியிருந்த நம் தோல் தொழிற்சாலைகள் மாற்று ரசாயனத்துக்கு ஓட வேண்டியதாயிற்று. பிறகு, ஷூ பெட்டிகளிலும் சோபாக்களிலும் பூஞ்சைத் தடுப்பாக டைமெத்தில் ஃபுமரேட் பாக்கெட் போடுவது சில நாடுகளில் பரவியது. அது தோலில் கடும் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கவே, ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் அதற்கும் தடை போட்டது. புது ஷூ வாங்கும்போது 'சாப்பிடாதீர்கள்' என்று எழுதியிருக்கும் ஒரு குட்டி பாக்கெட் வருமே, அது பெரும்பாலும் சிலிகா ஜெல். பூஞ்சையைக் கொல்லாது. ஈரத்தை உறிஞ்சி, அது வளரவே வழியில்லாமல் செய்யும்.

கடல் தாண்டிப் போகும் ஒரு ஜோடி ஷூவுக்குக் கிடைக்கும் இந்தக் கவனிப்பு, முப்பதாயிரம் ரூபாய் லென்ஸுக்குக் கிடைப்பதில்லை. லென்ஸ் பெட்டியிலும் அதே பாக்கெட்தான் வருகிறது. நாம்தான் தூக்கிப் போடுகிறோம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குட்டி பாக்கெட்டையே எடுத்துப் பையில் போட்டால் போதாது. நம் கைக்கு வரும்போதே அது பாதி ஈரம் குடித்திருக்கும். வாங்க வேண்டியது அரை கிலோ சிலிகா ஜெல் மணிகள், ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத சமையலறை டப்பா ஒன்று, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. மூன்றும் சேர்ந்தே ஒரு சுமாரான லெதர் பேக் விலைக்குள் முடிந்துவிடும். மீட்டர் 40-லிருந்து 50-க்குள் காட்டினால் நிம்மதி. 30-க்குக் கீழே மாதக்கணக்கில் இறக்கவும் வேண்டாம், உள்ளே இருக்கும் கிரீஸும் ரப்பரும் காய்ந்துபோகும்.

மணிகளில் ஆரஞ்சு நிறத்தில் வருவதைக் கேட்டு வாங்குங்க. நீல நிறத்தில் இருப்பது கோபால்ட் குளோரைடு கலந்தது, நச்சு. நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம், ஆனால் சமைக்கும் பாத்திரத்தில் வேண்டாம். அரிசியில் புதைத்து வைப்பது, பாச்சை உருண்டை போடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். அரிசி மாவுத்தூசு விடும், உருண்டையின் ஆவி கண்ணாடியில் படலமாகப் படியும். பூஞ்சை பிடித்த லென்ஸை மொட்டை மாடி வெயிலில் காய வைக்கச் சொல்லும் டிப்ஸும் சுற்றுகிறது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் அதைச் செய்தால் பூஞ்சையோடு லென்ஸும் போகும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது போன் டார்ச் போதும். லென்ஸின் அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, ஒரு பக்கம் டார்ச் அடித்து, மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசு புள்ளியாகத் தெரியும், பூஞ்சை நூல் நூலாகக் கிளை விட்டிருக்கும். விற்பவர் "லைட்டாதான் இருக்கு, போட்டோவில் வராது" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்போ லெதர் பேக்கே கூடாதா? அந்தத் தொழிலில் கஞ்சி குடிக்கும் ஊர்க்காரனாக அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது, சொல்லவும் தேவையில்லை. கல்யாண வீட்டுக்கு, கோயிலுக்கு, பயணத்துக்குத் தோல் பை எடுத்துப் போங்கள். பட்டையும் தோலிலேயே இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் கேமராவை வெளியே எடுத்து டப்பாவுக்கு மாற்றி, பையைத் தனியாகக் காற்றாட மாட்டுங்கள். டப்பா வாங்கச் சோம்பலா? வாரம் ஒரு முறையாவது கேமராவை எடுத்து நாலு போட்டோ எடுங்க. தினமும் வெளிச்சம் பார்க்கும் லென்ஸில் பூஞ்சை வருவது அபூர்வம்.

தம்பி அந்த 50 எம்எம்மை இன்னும் வைத்திருக்கிறான், விற்க மனசில்லை. மற்ற லென்ஸ்களோடு சேர்க்காமல் தனி டப்பாவில். முதலில் வாங்கிய டப்பாவைச் சித்தி தீபாவளி முறுக்குக்கு எடுத்துக்கொண்டதால், இது அவன் வாங்கிய இரண்டாவது.