ஒப்புக்கொண்டு மறுப்போர்

காலநிலை மாற்றம் ஒரு மோசடி என்று 2025 செப்டெம்பரில் ஐக்கிய அமெரிக்க சனாதிபதி ஐக்கிய நாடுகள் பொதுச் சபையிலேயே கூறினார். இத்தகைய மறுப்பாளரை நம் நாட்டிற் காண்பது அரிது. இங்கு எல்லோரும் ஒப்புக்கொள்கின்றனர். ஒப்புக்கொண்ட பின்னரே மறுக்கின்றனர். இந்த இரண்டாவது வகை மறுப்பே கூடிய கேடு பயப்பது என்பது எமது துணிபு. அதற்குச் சான்று கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள சம்பூரிலேயே உண்டு.

2006 ஏப்பிரலில் போரினால் மக்கள் இடம்பெயர்ந்த அக்கிராமப் பகுதியில் 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையமொன்றை அமைப்பதற்கு இலங்கை மின்சார சபையும் இந்தியத் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் 2011 இல் உடன்பட்டன. 2016 செப்டெம்பரில், சுற்றாடல் அமைப்பொன்று தொடுத்த வழக்கின்போது, அத்திட்டம் கைவிடப்பட்டதென அரசு உயர் நீதிமன்றத்திற்கு அறிவித்தது. அதே மாதத்திற்றான் இலங்கை பாரிசு உடன்படிக்கையை ஏற்றுறுதி செய்தது. எனினும் வழக்கு முடிந்ததேயன்றி வாதம் முடியவில்லை. 2017 இல் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு புதிய நிலக்கரி நிலையங்களைத் தவிர்த்த மின்னுற்பத்தித் திட்டத்தை அங்கீகரித்தபோது, மின்சார சபைப் பொறியியலாளர் அதனை எதிர்த்து நின்றனர்.

நிலக்கரியை ஆதரிப்போர் பலகாலும் கூறுவது யாது? உலகின் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. நாம் எரிப்பதால் என்ன வந்துவிடும் என்பதே. கணக்குப் பிழையன்று, ஆனால் அது பாதிக் கணக்கு. 500 மெகாவாற்று நிலையம் ஆண்டில் ஐந்தில் நான்கு பங்கு நேரம் இயங்கினால் 35 இலட்சம் மெகாவாற்று மணி மின்சாரம் கிடைக்கும். நிலக்கரியில் ஒரு மெகாவாற்று மணிக்கு ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு வெளியேறும். நாடு முழுவதும் எரிபொருளால் ஆண்டுதோறும் வெளிவிடுவது ஏறத்தாழ இரண்டு கோடித் தொன். அதன் ஆறிலொரு பங்கிற்கு நிகரானதை ஒரு புகைபோக்கி தனித்துக் கக்கும்! இதனைச் சிறிதென்போர் பெரிதென எதனைக் கொள்வரோ?

செல்வந்த நாடுகளே வளிமண்டலத்தைக் கெடுத்தன, விலையை வறிய நாடுகள் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதனைச் சர்வதேச அரங்குகளில் உரத்துக் கேட்கவும் வேண்டும். ஆனால் அது செலவை யார் ஏற்பது என்ற வழக்கு. வெப்பம் ஏறுகிறதா என்ற வினாவிற்கு விடையன்று. கைத்தொழிற் புரட்சிக்கு முன் வளியில் பத்து இலட்சத்திற்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. அந்த எண்ணுக்கு நாட்டுரிமை இல்லை.

திருகோணமலைக்கே உரிய நோயொன்றும் உண்டு. இத்துறைமுகத்தைப் பற்றி எவர் எதைக் கூறினும், அவர் பின்னால் நிற்பது தில்லியா, பீஜிங்கா, வாஷிங்டனா என்றே முதலில் வினவுகிறோம். சம்பூர் நிலக்கரியை எதிர்த்தோர் இந்திய விரோதிகள் எனப்பட்டனர். ஆதரித்தோர் இந்தியாவின் கையாட்கள் எனப்பட்டனர். இரு சாராரிலும் அத்தகையோர் சிலர் இருந்திருக்கலாம். அதனால் புகையின் இரசாயனம் மாறிவிடுமா? காணிக்கும் கடற்றொழிலுக்கும் அஞ்சிய சம்பூர் மக்களின் குரல் இந்த ஆரவாரத்தில் அமிழ்ந்துபோனது.

நமது தரப்பினருக்கும் ஒரு சொல். 2025 நவம்பரில் ‘டித்வா’ புயல் அறுநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. மாவிலாறு அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பகுதி வெள்ளத்துள் தவித்தது. ஒரு புயலை மட்டும் காட்டிக் காலநிலை மாற்றத்தை நிறுவ முயல்வது அறிவியலன்று. 1964 டிசெம்பரிலும் பெரும் புயலொன்று திருகோணமலையைத் தாக்கியது. வெப்பம் ஒரு பாகை கூடினால் வளி ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பதே நாம் நிற்கவேண்டிய தரை. வரும் புயல்கள் கூடிய மழையைக் கொட்டும் என்பது அதிலிருந்து பெறப்படும்.

2025 ஏப்பிரலில் அதே சம்பூரில் சூரிய மின்நிலையமொன்றிற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பங்காளி அதே இந்தியக் கூட்டுத்தாபனம். நிலக்கரியை எதிர்த்தோருட் சிலர் இதனையும் அதே காரணத்திற்காக எதிர்ப்பர். வேறு சிலர் வெயிலின் பெயரால் காணி பற்றிய கேள்வியையே மூடிவிடுவர். வெயிலில் மின்சாரம் எடுப்பது வேண்டும். அதற்கெனக் கொள்ளப்படும் நிலம் யாருடையது, இழந்தோருக்கு ஈடு என்ன என்பவற்றுக்குத் தனியே விடை எழுத்தில் வேண்டும்.