டார்ம்ஸ்டாட்டின் குளிரை உலு திராமில் விற்காதீர்கள்

உலு திராமில் எழும்பும் புதிய வீடுகளுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல் போட்டால் மின்கட்டணம் பாதியாகும், ஏர்கோன் ஓய்வெடுக்கும், 'ஜெர்மன் தரம்' வாசலுக்கே வந்துவிடும் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருந்தார். கட்டுரை நெடுக யூ-மதிப்பு, யூ-மதிப்பு என்று ஒரே ஜபம். வெயிலைப் பற்றி ஒரு வரி இல்லை. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை பாகை வடக்கே இருக்கும் ஊருக்கு, வெயிலைச் சொல்லாமல் வீடு கட்ட யோசனை சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அவர் ஜபிக்கும் யூ-மதிப்பு என்ன? கண்ணாடிக்கு உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் வெப்பம் கடக்கும் என்ற கணக்கு. ஒற்றைக் கண்ணாடிக்கு 5.7 அளவில், நல்ல மூன்றடுக்குக்கு 0.8 அளவில். ஏழு மடங்கு என்று அவர் துள்ளுவது இதை வைத்துத்தான். எண்ணில் பொய்யில்லை. வேறுபாடு எத்தனை டிகிரி என்பதைத்தான் கேட்காமல் விட்டார். 1991-இல் டார்ம்ஸ்டாட்டில் முதல் பாசிவ் ஹவுஸ் வரிசை வீடுகளுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி போட்டவர்களின் கவலை குளிர். கடுங்குளிர் இரவில் உள்ளே 20, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 10 என்றால் வேறுபாடு முப்பது டிகிரி. குளிர்காலத்தில் ஜன்னல் வழியே வரும் வெயில் அவர்களுக்கு வரவு. நமக்கோ வெளியே 33, ஏர்கோன் அறைக்குள் 25. எட்டே டிகிரி, அதுவும் பகலில்தான். இரவு வெளியே 24-க்கு இறங்கிவிட்டால் மூன்று கண்ணாடியும் எதைத் தடுக்கும்?

என் பேச்சை நம்ப வேண்டாம். மலேசியாவின் எம்.எஸ். 1525 தரநிலையைப் புரட்டட்டும். கட்டடத்தின் வெளிச்சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பத்தைக் கணக்கிட அதில் ஒரு சூத்திரம் உண்டு. கண்ணாடியின் யூ-மதிப்பை 6-ஆல் பெருக்கச் சொல்கிறது. வெயிலை எவ்வளவு உள்ளே விடுகிறது என்பதைக் காட்டும் நிழல் கெழுவை 194-ஆல் பெருக்கச் சொல்கிறது. 6 எங்கே, 194 எங்கே!

திசைத் திருத்தத்தை ஒதுக்கிவிட்டுப் போட்டுப் பார்ப்போம். சாதாரண ஒற்றைக் கண்ணாடி: கடத்தலில் 34, வெயிலில் 184, ஆக 218 வாட். நிழல் கெழு 0.78 உள்ள தெளிந்த மூன்றடுக்குக்கு, தாராளமாக 0.8 யூ-மதிப்பையே கொடுத்தாலும், 5-உம் 151-உம் சேர்ந்து 156. அதே ஒற்றைக் கண்ணாடிக்கு வெளியே நல்ல நிழல் மறைப்பு வைத்து மொத்தக் கெழுவை 0.4-க்குக் கொண்டுவந்தால் 112. மலிவான கண்ணாடியும் ஒரு மறைப்பும் அவருடைய ஜெர்மன் தரத்தை 44 வாட் வித்தியாசத்தில் தோற்கடிக்கின்றன. வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சாவித் துவாரத்தில் பஞ்சு அடைக்கிற வேலை அவருடையது.

எம்.எஸ். 1525 வீடுகளுக்கானதல்லவே என்று அவர் குதிக்கலாம். நல்லது, பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் போவோம். குடியிருப்புக் கட்டடங்களுக்கென்றே அங்கே ஒரு சூத்திரம் இருக்கிறது. அதில் யூ-மதிப்புக்கு 1.3, வெயிலுக்கு 58.6. அவருக்கு இன்னும் மோசம்.

"இப்போது வரும் மூன்றடுக்கில் வெயிலைத் திருப்பும் லோ-ஈ பூச்சும் உண்டு" என்பது அடுத்த வாதமாக வரும். வரட்டும். அந்தப் பூச்சு இரண்டடுக்குக் கண்ணாடியிலும் வருகிறது. வெயிலைத் தடுப்பது பூச்சுதான். மூன்றாவது கண்ணாடி, இங்கே, சில வாட்களை மட்டும் மிச்சப்படுத்தும். அதற்கு விலை கொடுப்பதோடு எடையையும் சுமக்க வேண்டும். நான்கு மில்லிமீட்டர் கண்ணாடி மூன்று சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 30 கிலோ, சட்டம் தனி. இரண்டு சதுர மீட்டர் ஜன்னலைச் சுமக்கும் கீல், உருளை எல்லாவற்றையும் யார் பழுது பார்ப்பது?

நம் டெரஸ் வீட்டின் உருவத்தையாவது அவர் பார்த்தாரா? இருபது அடி அகலம், இரு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். ஜன்னல் இருப்பது முன்னும் பின்னும் மட்டும். தலைக்கு மேலேயோ முழு நீளத்துக்கும் கூரை, உச்சி வெயில் நேரே இறங்குகிற கூரை. மாடியறையில் பிற்பகல் நான்கு மணிக்கு சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள், மின்விசிறி ஏன் அனலை வாரி இறைக்கிறது என்று விளங்கும். ஓட்டுக்கு அடியில் ஃபாயிலும் ராக்வூலும் விரித்தால் கிடைக்கும் பலனைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம். ஆனால் அவர் விற்பது ஜன்னலாயிற்றே.

திசையும் அப்படித்தான். மேற்கு வெயில்தான் எதிரி என்று எல்லோரும் சொல்கிறோம். எம்.எஸ். 1525-இன் திசைத் திருத்தமோ வெயில் கணக்கைப் பெருக்கக் கிழக்குக்கு 1.23-உம் மேற்குக்கு 0.94-உம் தருகிறது. பிற்பகலில் மேகம் திரண்டு மழை கொட்டும் நாட்டின் கணக்கு அது. இந்த ஊர் வானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் எழுதியது என்பது அந்த ஒரு எண்ணிலேயே தெரிகிறது.

மழை என்றதும் நாக்கோ ஜன்னல். தோட்டத்து வீடுகளிலும் பழைய தாமான்களிலும் இன்னும் இருக்கிறது. பக்கவாட்டுப் பிடியைத் தள்ளினால் கண்ணாடிப் பட்டைகள் வரிசையாகச் சாயும். அடைமழையிலும் சாரல் வெளியே வழிய, காற்று உள்ளே வரும். திருடனுக்கும் தூசிக்கும் அது வசதி என்பது உண்மை. ஏர்கோன் அறைக்கு அது உதவாது, இடுக்கு வழியே குளிர் போய்விடும் என்பதும் உண்மை. ஆனால் மழைக்குப் பின் இலவசமாக வரும் குளிர்ச்சியை அது உள்ளே விடும். அவர் சிபாரிசு செய்யும் இறுக்கமான ஜன்னலைச் சாத்தியே வைத்தால், அடுப்பும் ஃபிரிட்ஜும் ஆறு பேரின் உடம்பும் விடும் சூடு உள்ளேயே தங்கும். அதைத் துரத்த மறுபடி ஏர்கோன்.

கோத்தா திங்கி சாலை லாரி இரைச்சல் குறையும் என்றாரே, அது ஓரளவு சரி. சாலையோர வீட்டுக்காரர் அதற்காகச் செலவழிக்கலாம். ஆனால் இரைச்சலுக்கு லேமினேட்டட் கண்ணாடி போதும். இரண்டடுக்கில் கனம் மாறுபட்ட கண்ணாடிகளை வைத்தால் இன்னும் நல்லது. மின்சாரச் சேமிப்புக் கட்டுரையில் இரைச்சலைக் கொண்டுவந்து நுழைத்தது, சேமிப்புக் கணக்கு கைகொடுக்காததால்தான்.

அவருடைய மறுமொழியை எதிர்பார்க்கிறேன். அதில் அவர் சிபாரிசு செய்யும் ஜன்னலின் நிழல் கெழுவையும், அதே பூச்சுள்ள இரண்டடுக்கின் விலையையும் அச்சிடட்டும். இரண்டும் அவரிடம் இருக்கும் விலைப்பட்டியலிலேயே கிடைக்கும்.