ஓர் எழுத்தால் தள்ளிப்போன பயணம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். இதில் என் தவறு இரண்டும் வருகிறது. அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி மட்டும் சொன்னால் நன்றாக இருக்காது.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி. நம் பூண்டிதான். பெயர் வேண்டாம் சார் என்று கேட்டுக்கொண்டாள். நான் பாடம் நடத்தும்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் செடி, கொடி, பூ என்று வரைந்துகொண்டிருப்பாள். எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். இன்று அந்தப் படம்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. ஜெர்மனியில் குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்துக்கும், விதை விற்கும் ஒரு நிறுவனத்துக்கும் வரைந்து அனுப்புகிறாள். மாதச் சம்பளம் கிடையாது. படத்துக்கு இவ்வளவு என்று பணம். கரண்டும் டவரும் ஒரே நேரத்தில் இருக்கிற வேளை பார்த்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் கஷ்டம்.

அந்தப் பதிப்பகத்தார் ஒருநாள் கேட்டார்கள்: "இரண்டு மூன்று வருடம் இங்கேயே வந்து தங்கி வரைய முடியுமா? வேலையில் சேர்த்துக்கொள்ள எங்களால் முடியாது. ஆனால் தொடர்ந்து படம் கொடுப்போம்."

வீட்டில் சொன்னாள். அவள் மாமா கேட்ட முதல் கேள்வி, "கம்பெனி பேரு என்னம்மா?"

"கம்பெனி இல்ல மாமா. நானே தனியாதான்."

"கம்பெனி இல்லாம எவன் விசா குடுப்பான்?"

நம்மில் பலருக்கு இந்தச் சந்தேகம் இருக்கிறது. அதனால் முதலில் அதைத் தெளிவாக்கிவிடுகிறேன். கம்பெனி இல்லாமலும் விசா உண்டு. ஜெர்மனியின் குடியிருப்புச் சட்டத்தில் 21-ஆம் பிரிவு சொந்தத் தொழில் செய்பவர்களுக்கானது. அதில் ஃப்ரீலான்ஸ் தொழிலுக்குத் தனி உட்பிரிவே இருக்கிறது. ஓவியர், எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், பொறியாளர், ஆசிரியர் போன்றவர்கள் அதில் வருவார்கள். முதலில் நுழைவதற்கு ஒரு விசா. அங்கே போன பிறகு மூன்று ஆண்டு வரை தங்க அனுமதி. 45 வயது தாண்டியவர்கள் முதுமைக்கு என்ன ஏற்பாடு என்பதையும் காட்ட வேண்டும். என் ஓய்வூதியப் புத்தகத்தைக் காட்டினால் போதுமா என்று அவளிடம் கேட்டேன். "நீங்க எங்க சார் வர்றீங்க, பூண்டு யாரு பார்ப்பா" என்றாள்.

வேறு நாடுகளும் இப்படி விசா தருகின்றன. எஸ்டோனியா 2020 ஆகஸ்டில் தொடங்கியது. போர்ச்சுகல் 2022 அக்டோபரிலிருந்து தருகிறது, ஆனால் அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் நான்கு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். ஸ்பெயின் இரண்டு மடங்கு கேட்கிறது. தாய்லாந்து 2024 ஜூலையில் கொண்டுவந்த விசாவுக்கு வங்கியில் 5 லட்சம் பாட் இருக்க வேண்டும். ஜெர்மனியில் இப்படி ஒரே தொகையாகச் சட்டத்தில் எழுதி வைக்கவில்லை. உன் வேலையில் உன்னால் பிழைக்க முடியுமா என்பதைக் காகிதத்தில் காட்டு என்கிறார்கள். யார் வேலை தருவார்கள் என்ற கடிதம், வரவு செலவுத் திட்டம், மருத்துவக் காப்பீடு, முன்பு செய்த வேலைக்கு ஆதாரம். விசாக் கட்டணம் 75 யூரோதான்.

"காகிதத்தில் காட்டு" என்கிற அந்த இடத்தில்தான் நாங்கள் எல்லோரும் வழுக்கினோம்.

முதல் சிக்கல் பணம். முதல் ஒன்றரை வருடம் ஜெர்மனியிலிருந்து வந்த பணமெல்லாம் அவள் அண்ணன் கணக்குக்குப் போயிருக்கிறது. வெளிநாட்டுப் பணம் வாங்க வசதியாக அவன்தான் கணக்கு வைத்திருந்தான், வீட்டுக்குள் என்ன வித்தியாசம் என்று விட்டுவிட்டார்கள். வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்யவில்லை. ஆக, உழைத்தது அவள். காகிதத்தின்படி சம்பாதித்தது அண்ணன்.

இரண்டாவது சிக்கல் பெயர். இதற்குக் காரணம் நான்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மாணவர் பெயர்ப்பட்டியல் தயாரித்து அனுப்புவோமே, நாமினல் ரோல், அந்த வருடம் அதை எழுதியது நான். அவள் பெயர் "தி" என்று முடியும். ஆங்கிலத்தில் டி, எச், ஐ என்று எழுத வேண்டும். அவசரத்தில் எச் எழுத்தை விட்டுவிட்டேன். அவள் அப்போதே வந்து, "சார், என் பேருல ஒரு எழுத்து குறையுது" என்று சொன்னாள். "அதெல்லாம் பரவாயில்ல, யாரு பார்க்கப் போறா" என்று அனுப்பிவிட்டேன். மதிப்பெண் பட்டியல் அப்படியே வந்தது. அதைப் பார்த்துக் கல்லூரிப் பட்டம், பான் அட்டை, பாஸ்போர்ட் எல்லாம் அப்படியே வந்தன.

ஆனால் அவள் மனது ஒப்பவில்லை. தன் படங்களிலும், பில்லிலும், பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தத்திலும் எச் சேர்த்துச் சரியான பெயரைத்தான் எழுதினாள். அச்சான புத்தகங்களிலும் அந்தப் பெயர்தான். கோப்பை எல்லாம் அடுக்கிப் பார்த்தால், பாஸ்போர்ட் ஒரு பெண்ணுடையது, உழைப்பு இன்னொரு பெண்ணுடையது, பணம் ஓர் ஆணுடையது!

கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு இப்படி ஓர் எழுத்து மாறினால் பெரிய பாதகமில்லை. கம்பெனி லெட்டர்பேடில் ஒரு கடிதம் தருவார்கள், முடிந்தது. தனியாகத் தொழில் செய்பவருக்கு அப்படிச் சாட்சி சொல்ல யாரும் இல்லை. அவர் பெயரும் அவர் காகிதமும்தான் சாட்சி.

இது நமக்குப் புதிதா? நான் முப்பது வருடத்துக்கு மேல் சம்பளச் சான்று வைத்திருந்தவன். வங்கிக்குப் போனால் நாற்காலி போட்டுக் கடன் கொடுத்தார்கள். என்னைவிட அதிகம் சம்பாதித்த பூண்டு விவசாயி அதே வங்கியில் நின்றுகொண்டே திரும்பி வந்திருக்கிறார். வடுகபட்டிச் சந்தையில் மூட்டை இறக்கி வாங்கி வந்த துண்டுச் சீட்டு அவர் சட்டைப் பையிலேயே வியர்வையில் கரைந்துபோகும். அவரும் ஃப்ரீலான்ஸர்தான், நாம் அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. நம் மலைப்பூண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காரமும் குணமும் தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறது. புவிசார் குறியீடு என்ற காகிதம் வந்த பிறகுதான் "இது கொடைக்கானல் பூண்டு" என்று சட்டப்படி சொல்ல முடிந்தது.

காகிதம் இல்லாததால் வாழ்க்கையே மாறியவர்களும் நம் மலையில் இருக்கிறார்கள். சிலோனிலிருந்து வந்த குடும்பங்களைத்தான் சொல்கிறேன். தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களிடம் 1948-இல் அந்நாட்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்கு ஏது சான்றிதழ்? லட்சக்கணக்கானவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்றார்கள். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும் 3 லட்சம் பேரை இலங்கை ஏற்பது என்றும் பங்கு பிரித்தார்கள். அதில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அவர்களைத் தெரிந்த நானே ஒரு பிள்ளையிடம் "யாரு பார்க்கப் போறா" என்று சொன்னேன் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். சிக்கல் தெரிந்ததும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மாமா கீழே ஊரில் ஒரு ஏஜென்டைப் பிடித்தார். அவன் மூன்று லட்சம் கேட்டான். ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பதாகக் கடிதம், ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வங்கியில் சில நாளைக்குப் பணம் போட்டு எடுக்கும் ஏற்பாடு, எல்லாம் அவன் பொறுப்பாம். மாமா தோட்டத்தை அடமானம் வைக்கவும் தயாராகிவிட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இது என் இரண்டாவது தவறு. "டூரிஸ்ட் விசாவுல போம்மா. அங்க உட்கார்ந்து வரையிறத யாரு பார்க்கப் போறா?" என்றேன். அதே வார்த்தை. அத்தனை வருடம் கழித்தும் என் வாயில் அதே வார்த்தைதான் வந்தது.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "சார், டூரிஸ்ட் விசாவுல 90 நாள்தான் இருக்கலாம். வேலை செய்யவும் கூடாது. மாட்டினா அந்த நாட்டுக்கு மட்டுமில்ல, ஷெங்கன் நாடு எல்லாத்துக்கும் தெரியும். அப்புறம் நான் வரைஞ்சதுகூடப் பொய்யின்னு ஆயிரும்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

என் கருத்து இதுதான். ஏஜென்ட் தரும் பொய்க் கடிதம் நம் பிள்ளைகளின் உண்மையான உழைப்பை அழித்துவிடும். இவளுக்கு வேலை இருந்தது, வருமானம் இருந்தது, திறமை இருந்தது. எல்லாம் உண்மை. அதற்குக் காகிதம் மட்டும்தான் இல்லை. உண்மைக்குக் காகிதம் தேடாமல் பொய்க்குக் காகிதம் வாங்க மூன்று லட்சம் கொடுப்பது என்ன நியாயம்? பிடிபட்டால் விசா மறுப்போடு போகாது. அடுத்த முறை உண்மையைக் கொண்டுபோனாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

"விதியே நமக்கு எதிராக இருக்கும்போது நாம் மட்டும் யோக்கியமாக இருக்க வேண்டுமா?" என்று என் தம்பி மகன் கேட்டான். கேள்வியில் நியாயம் உண்டு. வெளிநாட்டுக்காரர் பலர் வீட்டிலிருந்தே இ-விசா வாங்கி வட்டக்கானலில் வந்து தங்குகிறார்கள். நம் பிள்ளை கோப்போடு சென்னைக்கு அலைய வேண்டும். அந்த நாட்டு ஊதியத்தில் மடங்கு போட்டு வருமானம் கேட்டால் பூண்டியில் எத்தனை பேரால் காட்ட முடியும்? அது எனக்கும் ஒப்பவில்லை. வருமானத்தை விட்டுவிட்டு வேலையைப் பார்த்து முடிவு செய்வதே நியாயம் என்பேன். ஆனால் நம் நாடு மட்டும் தாராளமா? சுற்றுலா விசாவில் வந்தவர் இங்கே வேலை பார்க்கக் கூடாது. வேலை விசாவுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய் சம்பளம் இருக்க வேண்டும் என்று நாமும் வைத்திருக்கிறோம். விதி சரியில்லை என்று உரக்கச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். ஆனால் அதற்காகப் பிள்ளையின் கையில் பொய்யைக் கொடுத்து அனுப்பாதீர்கள். மாட்டிக்கொண்டால் தனியாக நிற்கப்போவது அவள்தான், நாமல்ல.

அவள் நேர்வழியில்தான் போனாள். தன் பெயரில் கணக்கு திறந்தாள். பணத்தை அதில் வாங்கினாள். வங்கியிடம் வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்று வாங்கினாள். வரிக் கணக்கு தாக்கல் செய்தாள். ஒப்பந்தத்தைப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில் மாற்றி வாங்கினாள். பழைய புத்தகங்களுக்காக, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதினாள். இதற்குப் பதினோரு மாதம் போயிற்று. அதற்குள் விதை நிறுவனம் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. பாதி வருமானம் போயிற்று. பதிப்பகம் மட்டும் காத்திருந்தது. போன வாரம் சென்னையில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை.

கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் "அப்பவே ஏஜென்ட்கிட்ட குடுத்திருக்கலாம்" என்று யாரும் அவள் காதுபடப் பேசாதீர்கள். உறவுகளிடம் இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

தனியாகத் தொழில் செய்யும் என் மாணவர்களுக்குச் சில வார்த்தைகள். நீங்கள் வெளிநாடு போகாவிட்டாலும் பயன்படும்.

1. உங்கள் உழைப்பின் பணம் உங்கள் கணக்குக்கே வரட்டும். அண்ணன், மாமா, கணவர் யாராக இருந்தாலும் சரி.

2. சின்ன வேலைக்கும் பில் போடுங்கள். வாயால் பேசிய ஒப்பந்தத்தை ஒரு மின்னஞ்சலிலாவது எழுதி வாங்குங்கள்.

3. வரி கட்டும் அளவு வருமானம் இல்லாவிட்டாலும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள்.

4. பத்தாம் வகுப்பு, ஆதார், பான், பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம் ஐந்தையும் ஒரு மேசையில் வைத்துப் பெயரையும் இனிஷியலையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

5. விசா விவரத்தை அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தில் படியுங்கள். விதி அடிக்கடி மாறும். இந்தப் பதிவை நம்பிக்கூடப் போய்விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பெயரில் பிழை இருக்கிறது என்று அந்தப் பெண்ணைப் போல வேறு யாராவது என்னிடம் வந்து, நான் திருப்பி அனுப்பியிருந்தால் என்னை மன்னித்துவிடுங்கள். மன்னித்த கையோடு ஃபோனும் செய்யுங்கள். மதிப்பெண் சான்றிதழில் திருத்தத்துக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு எழுத வேண்டும். பெயரையே மாற்றுவதென்றால் அரசிதழில் வெளியிட வேண்டும். எதுவானாலும் மனு எழுத எனக்குத் தெரியும், நேரமும் இருக்கிறது. பழனி, திண்டுக்கல், சென்னை எங்கே என்றாலும் கூட வருகிறேன். பஸ் டிக்கெட் என் செலவு.

இந்த முறை யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்துத்தான் எழுதுவேன்.

அன்புடன்,
உங்கள் சார்,
பூண்டி.