அவரைப் பந்தலில் அசுவினி

செஞ்சியை அடுத்த சிங்கவரம் வட்டாரத்தில் மல்லாட்டை பயிரிடுவோர்க்கு அசுவினி புதிதன்று. சகோதரிகளே, உங்கள் வீட்டு அவரைப் பந்தலிலும் அதே கறுப்புப் பூச்சியைக் காணலாம். இரண்டு மில்லிமீட்டர் அளவேயான அதன் உடலமைப்பில் செடியின் சாற்றுக்கும் பெரும் பங்குண்டு என்பதை அறிவீர்களா?

கொடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி. அமினோ அமிலங்களோ குறைவு. அக்குறையை அசுவினியின் உடலுக்குள் வாழும் புக்னெரா என்னும் பாக்டீரியா ஈடுசெய்கிறது. எஞ்சும் சர்க்கரைதான் எறும்புகள் தேடிவரும் தித்திப்புக் கழிவு. தளிரில் சாறு வளமாக உள்ளவரை தாய்ப்பூச்சி ஆண் துணையின்றியே இறக்கையற்ற குஞ்சுகளை ஈன்று தள்ளும். தளிர் முற்றிச் சாறு வளங்குன்றி, கூட்டமும் நெருக்கினால், அதே மரபணுக்களைக் கொண்ட குஞ்சுகள் இறக்கையோடு வளர்ந்து அடுத்த கொடிக்குப் பறந்துவிடும். பருத்தி அசுவினியோ, கோடை வெப்பத்தில் சத்துக் குறைந்த செடியில் மஞ்சள் நிறக் குள்ளவுருவாகச் சிறுத்துவிடுகிறது!

பந்தலுக்கு யூரியாவை அள்ளி இடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் சாற்றில் அமினோ அமிலம் கூடும். அசுவினி கொழுத்துப் பெருகும். அவரையோ தன் வேர்முடிச்சுகளிலேயே தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும் பயிர். பிறகு பூச்சிமருந்துக் கடைக்கு ஓட்டம். அம்மருந்து, அசுவினியைத் தின்னும் பொறிவண்டையும் சேர்த்தே மாய்க்கும். இறக்கை முளைக்குமுன் பூச்சி அப்பிய நுனிகளைக் கிள்ளி நீரில் அமிழ்த்துங்கள். எஞ்சியவற்றுக்கு, வேப்பெண்ணெயும் சிறிது சோப்பும் கலந்த நீரை இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். எறும்புச்சாரி எந்தக் கொடியில் ஏறுகிறதோ, முதலில் அதைப் பாருங்கள்.