முப்பத்தாறு வயதில் ச ரி க ம

இந்த வயதில் மெட்டுப் போடக் கற்கிறேன் என்றால் சிரிக்கிறார்கள். "அஞ்சு வயசுல ஆரம்பிக்கணும் சார், அப்பதான் காது திறக்கும்" என்கிறார் ஒரு வித்வான். அஞ்சு வயசில் எங்கள் காது மூடியா கிடந்தது? தீயில் பறையைக் காய்ச்சி, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் மாறிமாறி விழுந்ததே, அது எந்தக் கணக்கில் சேரும்? அதை இழிதொழிலாகச் சுமத்தியவர்கள் இசை என்ற பெயரை மட்டும் தங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று எங்கள் அப்பன்மார் பறையைக் கீழே போட்டார்கள், நான் குச்சி பிடிக்கும் முன்பே. மானத்துக்காகப் போட்டது. இந்த இடைவெளிக்குப் பெயர் தாமதமா?

1943இல் பிறந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தது இருபது வயது கடந்து, சென்னைக்கு வந்த பிறகு. 'அன்னக்கிளி' 1976. (உடனே 'அவர் மேதை' என்பீர்கள். ஒருத்தரை மேதையாக்கிவிட்டு மற்றவங்களுக்குக் கதவைச் சாத்துவது சுலபம்.)

நான் பாங்கில் கணக்கு எழுதுகிறவன். என் கவிதை ஒன்றை மும்மூன்றாய் விழும் அடியில் கட்டினேன். 'திஸ்ரம்' என்று பெயர் சொன்னார் வித்வான். எங்க தெருவில் அதற்குக் கால்கள்தான் ஆடின.

தோழர்களே, சினிமா மெட்டுக்கு வார்த்தை மாற்றிக் கூட்டத்தில் பாடியது போதும். அடுத்த கூட்டத்துக்கு என் மெட்டைக் கொண்டுவருகிறேன். தாளம் தப்பினால் அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள்.