மெல்போர்னில் சீட்டா? நவம்பரைப் பற்றியும் விசாரிங்க!

"வீசிங் இருக்கிற பொண்ணு. கனடா குளிர் ஒத்துக்காது, அதான் மெல்போர்ன்ல சீட் போட்டோம்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. குளிர்ந்த, வறண்ட காற்று ஆஸ்துமாவைக் கிளறும் என்பது சரிதான். ஆனால், மெல்போர்னில் பயப்பட வேண்டியது புல்லுக்கு!

அக்டோபர் முதல் டிசம்பர் வரை 'ரைகிராஸ்' புல்லின் மகரந்தம் அங்கே காற்றில் பறக்கும். இடிமழையும் சேர்ந்தால், அது பொடிப்பொடியாக உடைந்து நுரையீரலுக்குள் ஆழமாகப் போய்விடும். 2016 நவம்பர் 21 மாலை அப்படித்தான் ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத்திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்துபோனார்கள். அதுவரை வெறும் தும்மல், மூக்கடைப்பு மட்டுமே இருந்தவர்களும் பாதிக்கப்பட்டார்கள் என்பதுதான் திகில்.

பிப்ரவரியில் சேர்கிற பிள்ளைக்கு முதல் எட்டு மாதம் எதுவும் தெரியாது. வருடக் கடைசிப் பரீட்சை நேரத்தில்தான் சிக்கலே வரும். அதனால் சீனியர்களிடம், 'குளிருமா?' என்பதோடு 'நவம்பர் எப்படி இருந்தது?' என்றும் கேளுங்கள். தடுப்பு இன்ஹேலர் பற்றிக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். இடிமழை ஆஸ்துமா அபாயத்தை அந்த மாநில அரசின் 'விக்எமர்ஜென்ஸி' ஆப் அந்த மாதங்களில் முன்கூட்டியே சொல்கிறது.

அக்கா மகள் மெல்போர்னுக்கேதான் போகிறாள். பெட்டியில் ஊறுகாய்க்கு முன்னால் இன்ஹேலர் ஏறிவிட்டது!